குழந்தைக்குத் தடுப்பூசி, தாய்க்கு ரத்த அழுத்தம்: பென்னாகரத்தில் ஆற்றிய உரை

மேடையில் வீற்றிருக்கும் விழாத் தலைவர் அவர்களே, பணிச்சுமைக்கு இடையிலும் காலையிலிருந்து இங்கேயே அமர்ந்திருக்கும் வட்டார மருத்துவ அலுவலர் அவர்களே, வாடகை வாங்காமல் இந்த மண்டபத்தைத் திறந்துவிட்ட பெரியவர் அவர்களே, ஊராட்சிப் பொறுப்பாளர்களே, அங்கன்வாடிப் பணியாளர்களே, மலையிலிருந்து முதல் பேருந்தில் இறங்கி வந்திருக்கும் மகளிர் குழுத் தாய்மார்களே, அனைவருக்கும் என் வணக்கம். எனக்கு அணிவித்த பொன்னாடையை முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மருத்துவச்சிப் பாட்டியின் தோளில் போட்டுவிட்டுத்தான் இந்த ஒலிபெருக்கியின் முன் நிற்கிறேன். நான் கிராம சுகாதார செவிலியராகப் பணிக்கு வந்த புதிதில், மலைப்பாதையில் எனக்கு முன்னால் நடந்து ஒவ்வொரு வீட்டையும் காட்டிக் கொடுத்தவர் அவர். அந்த மரியாதை அவருக்கே உரியது.

கர்ப்ப காலத்தில் ரத்தக்கொதிப்பு வந்த பெண்களின் இதயத்தைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். மூன்று செய்திகளைச் சொல்ல நினைக்கிறேன். ரத்தக் குழாய்களுக்கு உள்ளே என்ன நேர்கிறது என்பது ஒன்று. உணவும் உப்பும் மற்றொன்று. ஊராக நாம் செய்யக்கூடியது மூன்றாவது. அவற்றுக்கு முன்பாக, ஒகேனக்கல் பரிசல் துறைக்குப் பக்கத்தில் வாழும் நமக்கு யாரும் விளக்க வேண்டாத ஒரு பழமொழியை நினைவூட்டுகிறேன்: ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பி, ஆறு கடந்தபின் நீ யார், நான் யார்.

108 வண்டி நம் மாவட்டத்துக்கு வந்த புதிதில் நடந்தது இது. 22 வயதுப் பெண், தலைப்பிரசவம், எட்டாம் மாதம். வளைகாப்பு முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. "நர்ஸம்மா, மருமக கையில வளையல் இறுகிப் போச்சு, ஒரு எட்டு வந்து பாருங்க" என்று மாமியார் சொல்லியனுப்பியிருந்தார். போய்ப் பார்த்தால் முகம் முழுவதும் வீங்கி, இமைகள் கனத்து, வளைகாப்புக்கு அடுக்கிய கண்ணாடி வளையல்கள் மணிக்கட்டில் பதிந்து தடம் விழுந்திருந்தது. சோப்பு நுரையைத் தடவி ஒவ்வொன்றாகக் கழற்றினோம், நான்கு உடைந்தன. சுமங்கலியின் வளையல் உடைகிறதே என்று மாமியார் அழுதார். எனக்கோ அந்தப் பெண் மெதுவாகச் சொன்ன சொல்தான் காதில் நின்றது: "கண்ணு முன்னால பூச்சி பறக்கற மாதிரி இருக்குதுங்க." ரத்த அழுத்தக் கருவியைக் கட்டினேன். 170/110 காட்டியது. சிறுநீரைச் சோதனைக் குழாயில் ஊற்றிச் சூடாக்கினேன்; திரிந்த பால்போல் திரண்டு நின்றது. சிறுநீரில் உப்பு இறங்குகிறது என்று நம் பக்கம் சொல்வார்கள். இறங்குவது உப்பல்ல, புரதம். இதைத்தான் மருத்துவர்கள் பிரீஎக்லாம்சியா என்கிறார்கள். தமிழில் முன்சூல்வலிப்பு என்று எழுதுகிறோம். முற்றினால் வலிப்பு வரும். அந்தக் காலத்துப் பெரியவர்கள் பிரசவ ஜன்னி என்று அஞ்சியது அதைத்தான்.

அன்றிரவு வண்டி தருமபுரிக்குப் பறந்தது. வலிப்பு வராமல் தடுக்க மக்னீசியம் சல்பேட் ஊசி போட்டார்கள். 1 கிலோ 600 கிராம் எடையில் ஆண் குழந்தை பிறந்தது. அண்ணன் ரத்தம் கொடுத்தார்; மாமியார் 18 நாள் மருத்துவமனைத் தரையில் படுத்தார்; கணவர் கல் உடைக்கும் வேலையை விட்டுவிட்டு வெளியே மரத்தடியிலேயே கிடந்தார். ஊரே அந்தப் பெண்ணைக் கையில் ஏந்திக் கரை சேர்த்தது. 42-ஆம் நாள் வீட்டுக்குப் போய் அழுத்தம் பார்த்தேன்: 128/84. பதிவேட்டில் "தாய் நலம்" என்று எழுதிப் பக்கத்தை மூடினேன். மூடியவள் நான்தான்.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, பெங்களூருவில் கட்டட வேலை பார்த்துக்கொண்டிருந்த அவர், ஆடிப் பதினெட்டுக்கு ஊர் வந்தார். பேருந்துப் படி ஏறும்போதே மூச்சு வாங்கியது. இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவில் வலி, தாடையில் ஒரு இழுப்பு, வயிற்றைப் புரட்டல். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால்தான் மாரடைப்பு என்று நினைக்கிறோம். பெண்களுக்குப் பல நேரங்களில் அது இப்படித்தான் வருகிறது. வாயுக் கோளாறு என்று சொல்லிச் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். மறுநாள் இரவு மருத்துவமனை. நல்லவேளையாக, அடைத்த தமனியைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைத்துக் காப்பாற்றிவிட்டார்கள். நான் பார்க்கப் போனபோது, நடுவில் யாராவது பிரஷர் பார்த்தார்களா என்று கேட்டேன். "புள்ளைக்கு ஊசி போட எத்தனையோ தடவ உங்ககிட்டதானே வந்தேன் நர்ஸம்மா, எனக்கு யாருங்க பார்த்தாங்க?" என்றார். ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பி.

அவருடைய மாரடைப்புக்குப் பிரசவகால ரத்தக்கொதிப்பு ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மருத்துவ உலகம் இதைக் கணக்கிட்டு வைத்திருக்கிறது. பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி, 34 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை உள்ளடக்கி 2007-இல் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்று, முன்சூல்வலிப்பு வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் நிலையான ரத்தக்கொதிப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 4 மடங்கு என்றும், மாரடைப்பு போன்ற இதயத் தமனி நோய்க்கான வாய்ப்பு ஏறத்தாழ 2 மடங்கு என்றும், பக்கவாதத்துக்கும் அதை ஒட்டிய அளவு என்றும் காட்டியது. 37 வாரம் நிறையும் முன்பே பிரசவம் செய்ய வேண்டிய அளவுக்கு நோய் முற்றியவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். 2011-இல் அமெரிக்க இதயச் சங்கம் பெண்களின் இதய நோய்க்கான ஆபத்துக் காரணிகளில் இதையும் சேர்த்தது. இரண்டு மடங்கு என்றவுடன் தாய்மார்கள் பயந்துவிடக் கூடாது. எல்லோருக்கும் வரும் என்று அதற்குப் பொருளல்ல, கண் வைத்திருக்க வேண்டும் என்றே பொருள்.

உள்ளே என்ன நேர்கிறது? கருவுற்ற தொடக்கத்திலேயே, நஞ்சுக்கொடிக்கு ரத்தம் கொண்டுவரும் கருப்பைத் தமனிகள் அகலமாக விரிய வேண்டும். அவை சரியாக விரியாதபோது ரத்தம் போதாமல் தவிக்கும் நஞ்சுக்கொடி சில பொருள்களைத் தாயின் ரத்தத்தில் கலக்கிறது. அவை உடலெங்கும் ரத்தக் குழாய்களின் உட்சுவரைக் காயப்படுத்துகின்றன. நஞ்சுக்கொடி வெளியேறியபின் அழுத்தம் பெரும்பாலும் இறங்கிவிடுகிறது. ஆனால் உட்சுவரின் காயம் பலருக்கு முழுமையாக ஆறுவதில்லை. சிலருக்கு இதயச் சுவரின் தடிப்பும் தங்கிவிடுகிறது. நீறு பூத்த நெருப்பு அது. இன்னொரு கோணமும் உண்டு. போர்வெல் மோட்டாரை முழு வேகத்தில் ஓட்டினால் சொட்டுநீர்க் குழாயில் எந்த இணைப்பு பலவீனமோ அதுவே முதலில் கசியும். கர்ப்பம் பெண்ணுடலுக்கு அப்படி ஒரு சோதனை ஓட்டம். கசிந்த இடம் 22 வயதிலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்தும் நாம் குறித்து வைப்பதில்லை என்பதே என் வருத்தம்.

உப்பைப் பற்றி விரிவாகப் பேச ஆசைதான். தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பதால், ஊறுகாயும் கருவாடும் தினமும் வேண்டாம் என்ற அளவில் நிறுத்திக்கொண்டு, நான் எதற்காக வந்தேனோ அதற்கு வருகிறேன்.

மக்களைத் தேடி மருத்துவம் எங்கே தொடங்கியது என்று நினைவிருக்கிறதா? 2021 ஆகஸ்ட் 5 அன்று, நம் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில். 2004 வரை அதுவும் தருமபுரி மாவட்டமாக இருந்த மண்தான். சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. கொண்டுவருபவர்களில் பலர் இந்த மண்டபத்திலேயே அமர்ந்திருக்கும் மகளிர் குழுச் சகோதரிகள். பெருமைப்பட வேண்டிய ஏற்பாடு அது. ஆனால் தேசியத் திட்டப்படி, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு போன்ற தொற்றாநோய்களுக்காக ஊர் மக்கள் எல்லோரையும் பார்க்கும் பரிசோதனை 30 வயதிலிருந்துதான் தொடங்குகிறது. 22 வயதில் பிள்ளை பெற்றவள் அந்த வரிசையில் நிற்க எட்டு ஆண்டுகள் ஆகும். அந்த இடைவெளியில் அவளுக்கு ஒரு பதிவேடும் இல்லை.

குழந்தையைப் பாருங்கள். 6, 10, 14 வாரங்கள், 9 மாதம், 16 மாதத்துக்கு மேல் ஊக்கத் தவணை, 5 வயது, 10 வயது, 16 வயது என்று அதன் அட்டை நீண்டுகொண்டே போகிறது. தாயின் அட்டை 42-ஆம் நாளில் முடிந்துவிடுகிறது. அந்தச் சின்னஞ்சிறு வயதில் குழந்தை தானாக நடந்து வருவதில்லை. இடுப்பில் வைத்துத் தூக்கி வருகிறவள் தாய். புதன்கிழமைதோறும் நம் துணை சுகாதார நிலையத்து வாசலில் அவள் நிற்கிறாள். உள்ளே மேசைமேல் கருவி இருக்கிறது. குழந்தையின் தொடையில் ஊசி போட்டுவிட்டு, தாயின் கையில் பட்டையைக் கட்டினால் ஐந்து நிமிடம் ஆகும். பணி ஓய்வுக்குப் பிறகு நான் போகும் மேடைகளிலெல்லாம் கேட்பது இந்த ஐந்து நிமிடத்தைத்தான்.

அதனுடன், கர்ப்பகாலத்தில் 140/90-க்கு மேல் போன ஒவ்வொரு பெண்ணின் பெயரும், வயது 30 ஆகாவிட்டாலும், தொற்றாநோய்ப் பதிவேட்டுக்கு மாற்றப்பட வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை ரத்த அழுத்தமும் எடையும் சர்க்கரையும் பார்க்கப்பட வேண்டும். அடுத்த கர்ப்பம் உறுதியான உடனே அந்தப் பழைய செய்தியைச் சொன்னால், 12-ஆம் வாரத்துக்குப் பிறகு சிறிய அளவு ஆஸ்பிரின் தேவையா என்று மருத்துவர் முடிவு செய்ய முடியும். தாய்மார்களே, எந்த மருத்துவரிடம் எதற்காகப் போனாலும், "பிரசவத்தில் எனக்குப் பிரஷர் இருந்தது" என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். அவர்கள் கேட்கக் காத்திருக்காதீர்கள்.

ஊராட்சிப் பொறுப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் அக்டோபர் 2 கிராமசபையில் இந்தப் புதன்கிழமைக் கோரிக்கையைத் தீர்மானமாக வையுங்கள். தீர்மானத்தின் வாசகத்தை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். படிகள் கூட்டச் செயலாளரிடம் இருக்கின்றன. ஆறு கடந்தபின் நீ யார் என்று கேட்காத ஊர் பென்னாகரம் வட்டாரம் என்று அந்தத் தாளில் கையெழுத்தாகட்டும்.

மேடைக்கு இடப்புறம், தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில், ஒரு மேசையும் இரண்டு கருவிகளும் வைத்திருக்கிறோம். கர்ப்பகாலத்தில் கால் வீங்கியவர்கள், வலிப்பு வந்தவர்கள், "உப்பு இறங்கியது" என்று சொல்லப்பட்டவர்கள், பிள்ளைக்கு இப்போது எத்தனை வயதானாலும் சரி, சாப்பிடப் போகும் முன் அங்கே வந்து கையை நீட்டுங்கள். பட்டை கட்டும் முன் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் அங்கேதான் இருப்பேன்.