கிளிங்கருக்கா, சிமெண்டுக்கா? கூட்டமைப்புகளின் மனுக்களை வாசிக்கும் முறை

அவையோருக்கு வணக்கம்.

நூறு கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். 44 கிலோ கரியமில வாயுவாகிப் புகைபோக்கி வழியே போய்விடும். நிலக்கரிக்குப் பதில் எதை எரித்தாலும் அந்த 44 கிலோ குறையாது. சிமெண்ட் ஆலையின் உமிழ்வில் ஏறத்தாழ 60 சதவீதம் இப்படிக் கல்லிலிருந்தே வருகிறது. ஆகவே எங்களை மின் நிலையங்களோடு ஒரே தட்டில் வைக்காதீர்கள் என்று சிமெண்ட் கூட்டமைப்புகள் அரசுகளிடம் முறையிடுவதில் நியாயம் உண்டு. அந்த நியாயம் எதுவரை செல்லும் என்பதை ஒரு கணக்கு போட்டே பார்த்துவிடலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் உமிழ்வு வணிகத் திட்டம் 2005 முதல் நடக்கிறது. அதில், வெளியிடும் ஒவ்வொரு டன் கரியமில வாயுவுக்கும் ஆலையிடம் ஓர் உரிமம் இருக்க வேண்டும். தொழில் வெளிநாட்டுக்கு ஓடிவிடக் கூடாது என்பதற்காக ஆலைகளுக்கு உமிழ்வு உரிமங்கள் இலவசமாகத் தரப்படுகின்றன. கிளிங்கர் என்பது சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டுக் கிடைக்கும் கட்டி; அதை அரைத்தால்தான் சிமெண்ட். 2021 முதல் 2025 வரை ஒரு டன் சாம்பல்நிறக் கிளிங்கருக்கு 0.693 உரிமம் என்பது அளவுகோலாக இருந்தது. கிளிங்கர் டன்னுக்கு 0.82 டன் கரியமில வாயு வெளியிடும் ஆலை ஒன்று ஆண்டுக்கு 10 லட்சம் டன் கிளிங்கர் செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உமிழ்வு 8,20,000 டன். இலவசமாக வருவது 6,93,000. மீதி 1,27,000 உரிமங்களை விலைக்கு வாங்க வேண்டும்.

இப்போது அந்த ஆலை சிமெண்டில் சுட்ட களிமண்ணைக் கலந்து, கிளிங்கரை 8 லட்சம் டன்னாகக் குறைக்கிறது. களிமண்ணைச் சுடும் எரிபொருளை விட்டுவிட்டுப் பார்த்தால், உமிழ்வு 1,64,000 டன் குறையும். ஆனால் உற்பத்தியின் இரண்டாண்டுச் சராசரி 15 சதவீதத்துக்கு மேல் மாறினால் இலவச ஒதுக்கீடும் மாறும் என்பது விதி. புதிய ஒதுக்கீடு 5,54,400. வாங்க வேண்டியது 1,01,600. அதாவது 1,64,000 டன்னைக் குறைத்த ஆலைக்கு மிச்சமாவது வெறும் 25,400 உரிமங்கள்! காரணம், அளவுகோல் சிமெண்டின் டன்னில் இல்லை, கிளிங்கரின் டன்னில் இருக்கிறது.

இதை மாற்றினால் என்ன என்று கேட்டால் தொழில் தரப்பிடம் பதில் இருக்கிறது. சிமெண்டை அளவுகோலாக்கினால், வெளிநாட்டுக் கிளிங்கரை இறக்கி அரைத்துவிட்டு இலவச உரிமத்தையும் வாங்கிக்கொள்வார்கள் என்பார்கள். உண்மையான ஆபத்துதான். ஆனால் அதைக் கூடுதல் நிபந்தனை போட்டு அடைக்க முடியும். அதற்காகக் கிளிங்கர் அளவுகோலையே கட்டிப்பிடித்துக்கொள்ளத் தேவையில்லை. கூட்டமைப்பு என்பது ஒருமித்த கருத்தில் இயங்குவது. பழைய சூளை வைத்திருக்கும் உறுப்பினரும் புதியதில் முதலீடு செய்தவரும் ஒரே காகிதத்தில் கையெழுத்திட வேண்டும். மெதுவாக நடப்பவரின் வேகமே அந்தக் காகிதத்தின் வேகமாகிவிடுகிறது.

பத்திரிகையாளர்கள் அதிகம் எட்டிப் பார்க்காத இடம், சிமெண்டின் தரநிலைகளை எழுதும் தரக்குழு. 50 பங்கு கிளிங்கர், 30 பங்கு சுட்ட களிமண், 15 பங்கு சுண்ணாம்புக்கல், 5 பங்கு ஜிப்சம் என்ற கலவை உமிழ்வை 40 சதவீதம் வரை குறைக்கும். இதில் சிக்கலும் உண்டு: களிமண் நீரை அதிகம் இழுக்கும், கலவை சீக்கிரம் இறுகும், நீர்குறைப்பு ரசாயனத்தைக் கூட்ட வேண்டிவரும். ஆனாலும் கட்டடத்துக்குத் தேவை வலிமையும் நீடிப்பும் என்றிருக்க, பல தரநிலைகள் எந்தப் பொருள் எத்தனை சதவீதம் என்றே கட்டளையிடுகின்றன. ஐரோப்பாவில் இத்தகைய கலவையில் கிளிங்கரை 50 சதவீதம் வரை இறக்க இடம்தந்த இ.என். 197-5 தரநிலை 2021இல்தான் வந்தது. இத்தகைய குழுக்களில் உற்பத்தியாளர்களின் குரல் வலுவானது. ஒரு கூட்டமைப்பு காலநிலைக்கு உண்மையில் எந்தப் பக்கம் என்று அறிய வேண்டுமா? தரநிலைத் திருத்த வரைவுக்கு அது அனுப்பிய கருத்துரையைத் தேடிப் படியுங்கள்.

அதன் பிறகு நிகர பூஜ்ய வரைபடத்தை, அதாவது உமிழ்வை நிகரமாகப் பூஜ்யமாக்கும் வழியைச் சொல்லும் திட்டத்தை, எடுங்கள். உலக சிமெண்ட், கான்கிரீட் கூட்டமைப்பு 2021இல் வெளியிட்ட வரைபடத்தில் 2050க்கான குறைப்பில் 36 சதவீதம் கரிமப் பிடிப்பிலிருந்து, அதாவது கரியமில வாயுவை ஆலையிலேயே பிடித்து வெளியே விடாமல் வைப்பதிலிருந்து, வர வேண்டும். நார்வேயின் பிரேவிக் ஆலையில் 2025இல் தொடங்கிய பிடிப்பு ஆண்டுக்கு 4 லட்சம் டன். அது அந்த ஓர் ஆலையின் உமிழ்வில் பாதி. அதிலும் பெரும்பணம் அரசுடையது. வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு சதவீதத்துக்கும் பக்கத்தில், யார் பணம், எந்த ஆண்டு, பிடித்த வாயுவைக் கொண்டுபோக எந்தக் குழாய் என்று எழுதிப் பாருங்கள்.

உறுப்பு நிறுவனங்கள் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. சுரங்க நிறுவனமான பி.எச்.பி. தன் கூட்டமைப்புகளின் நிலைப்பாடுகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்து, 2018இல் உலக நிலக்கரிச் சங்கத்திலிருந்து வெளியேறியது. பிரெஞ்சு எண்ணெய் நிறுவனமான டோட்டல் 2021 ஜனவரியில் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தை விட்டு விலகியது. விலகுவதற்கு முன்னால் செய்யக்கூடியது ஒன்று உண்டு: மனுவில் தங்கள் மாற்றுக் கருத்தைப் பெயரோடு பதிவு செய்யச் சொல்லிக் கேட்பது. பதிவு செய்ய மறுத்தால், அதே கருத்தைத் தனி மனுவாக அரசுக்கு அனுப்புவதற்கு எந்தத் தடையும் இல்லை.