வீட்டுக்கே ஒரே உப்பு

(கோபிசெட்டிபாளையம் பக்கம் ஓர் ஊர் மண்டபத்தில், இதயச் செயலிழப்பு உள்ளவர்களிடமும் அவர்கள் வீட்டாரிடமும் பேசியது)

வணக்கமுங்க. முன்வரிசைப் பெரியவர்களுக்கு முதலில் ஒரு வேலை. வேட்டியைக் கொஞ்சம் தூக்கி, முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்துங்கள். அஞ்சு எண்ணிவிட்டு எடுங்கள். குழி அப்படியே நிற்கிறதா? அது சதை இல்லைங்க, தண்ணீர். இதயம் தளர்ந்து ரத்தத்தைத் தள்ள முடியாமல் போனால், உடம்பில் ரத்தமே குறைந்துவிட்டது என்று சிறுநீரகம் எண்ணிக்கொண்டு உப்பை வெளியே விடாமல் பிடித்து வைக்கும். உப்பு இருக்கிற இடத்தில் தண்ணீரும் தங்கும். ராத்திரி படுத்ததும் மூச்சு முட்டி எழுந்து உட்காருவதும் அதனால்தான்.

எங்கள் அப்பாவுக்கு இந்த நோய் வந்தபோது, அம்மா அவருக்கு மட்டும் தனியாக உப்பில்லாத குழம்பு வைத்தார். மூன்றாம் நாள் அப்பா தட்டைத் தள்ளிவிட்டார். சப்பென்று இருந்ததைவிட, தன்னை மட்டும் ஒதுக்கிவிட்டார்கள் என்பதுதான் அவருக்கு வலித்தது. அப்புறம் வீட்டுக்கே ஒரே சாப்பாடு. அம்மா உப்பை வாரா வாரம் கொஞ்சமாகக் குறைத்தார். அரிசிம்பருப்புச் சாதத்தில் பூண்டும் மிளகும் சீரகமும் கூடின. ஒன்றிரண்டு மாதத்தில் எங்கள் எல்லோர் நாக்கும் பழகிவிட்டது.

ஒருவருக்கு நாள் முழுவதுக்கும் உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். “குழம்பில் குறைச்சுட்டனுங்க” என்பார்கள். சரி, கம்மங்கூழுக்கு மோர்மிளகாய்? தயிருக்கு ஊறுகாய்? சாயங்காலம் பேக்கரியில் டீயோடு பப்ஸ்? அதெல்லாம் அந்த டீஸ்பூனுக்குள்தான் அடங்க வேண்டும். இந்துப்பும் உப்புதானுங்க. ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். சில இதய மாத்திரைகளோடு அது சேர்ந்தால் இதயத்துடிப்பே தடுமாறிவிடும். டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். ஆறு நாடுகளில் 806 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2022இல் வெளிவந்தது. உப்பை இன்னும் கடுமையாகக் குறைத்ததால் இறப்போ ஆஸ்பத்திரியில் சேர்வதோ குறைந்ததாக அதில் தெரியவில்லை. ஆனால் அன்றாட வாழ்க்கை கொஞ்சம் எளிதானது. அதனால் உப்பைக் குறைத்தோம் என்று மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். மூச்சு வாங்காமல் தோட்டம் வரைக்கும் நடந்து போய் வருவதே என் கணக்கில் பெரிய விஷயம்.

தினமும் காலையில் ஒன்றுக்குப் போய்விட்டு, வெறும் வயிற்றில் எடை பார்த்துக் காலண்டரில் எழுதுங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். வாசலில் மிஷின் வைத்திருக்கிறோம். இன்றைய எடையைக் குறித்துக்கொண்டு போங்கள்.