சேலையின் கரை காதில் விழ வேண்டும்

வணக்கம். காரைக்குடிப் பக்கத்துக் கண்டாங்கிச் சேலை, ஆத்தங்குடிக் கல், கைமுறுக்கு எல்லாம் இன்று இணையத்திலும் விலைக்குக் கிடைக்கின்றன. அப்படிப்பட்ட தளங்களை உருவாக்குவதுதான் என் வேலை. பார்வையற்ற ஒருவர் அந்தக் கடையில் தனியாகப் பொருள் வாங்க முடிகிறதா என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

பார்வையற்றவர்களின் கணினியில் திரைவாசிப்பான் என்றொரு மென்பொருள் இருக்கும். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும். முன்பெல்லாம் இதன் விலையே பெரிய தடை. 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்விடிஏ திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். அவருக்கும் பார்வை கிடையாது. இன்றுவரை அது இலவசம், தமிழும் வாசிக்கும்.

ஆனால் நாம் எழுதி வைத்ததைத்தானே அது வாசிக்கும்? சேலைப் படத்துக்கு விவரம் எழுதாவிட்டால் வெறுமனே ‘படம்’ என்று சொல்லும், அல்லது பேசாமல் தாண்டிப் போகும். பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறிக்காவிட்டால், ஆங்கிலக் குரல் தமிழை வாசிக்கப் புகுந்து குழறலாம். யூனிகோடு என்னும் பொதுக் குறியீட்டு முறையில் இல்லாமல் பழைய எழுத்துருவில் அடித்த தமிழ், சம்பந்தமில்லாத எழுத்துகளாகக் காதில் விழும். விலைப்பட்டியலையே படமாகப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். படத்துக்கு விவரமும் இல்லையென்றால், திரைவாசிப்பான் வாசிக்க அதில் ஒரு சொல்கூட இருக்காது.

இந்தக் குறைகளைக் கண்டுபிடிக்க வேவ், ஆக்ஸ் போன்ற சோதனை மென்பொருள்கள் உண்டு. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு விகிதம் குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்பது உலக அளவிலான விதி. அரக்குப் பின்னணியில் சிவப்பில் எழுதினால் இந்த மென்பொருள்கள் உடனே பிடித்துவிடும்.

விவரம் இல்லாத படத்தையும் பிடிக்கும். ‘அழகான சேலை’ என்று எழுதிவிட்டாலோ சரி என்று விட்டுவிடும். வாங்குகிறவருக்கு அதில் என்ன தெரியும்? ‘அரக்கு உடல், மஞ்சள் கரை, பெரிய கட்டம், கைத்தறிப் பருத்தி’ என்று எழுத, சேலையைக் கையில் எடுத்துப் பார்த்த கடைக்காரர்தான் வேண்டும். சோதனைக்குப் பார்வையற்றவர்களையே அழையுங்கள். அதற்கு உரிய ஊதியமும் கொடுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இலேயே வந்துவிட்டது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து செய்ய வேண்டிய வேலை அல்ல இது.

கடை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்றைக்கே, பார்வையற்றவர்களைப் போல மவுஸைத் தொடாமல், டேப், என்டர் போன்ற விசைகளை மட்டும் தட்டி உங்கள் தளத்தில் ஒரு சேலை வாங்கிப் பாருங்கள். எந்த இடத்தில் நின்றுபோகிறதோ, அதைக் குறித்து உங்கள் தளத்தைச் செய்து கொடுத்தவரிடம் காட்டுங்கள்.