கணக்கெடுத்த தெருவுக்குத் திரும்பிப் போவோம்

வணக்கம் நேயர்களே. பேசக் கூப்பிட்ட நிலையத்தாருக்கு நன்றி. நான் இந்த மாவட்டத்துக் கலைக்கல்லூரி ஒன்றில் ரொம்ப வருஷம் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தவன், நடுவில் சில வருஷம் என்எஸ்எஸ் என்கிற நாட்டு நலப்பணித் திட்டப் பொறுப்பையும் பார்த்தேன். கல்லூரிப் பிள்ளைகள் ஊருக்குள் வந்து என்ன செய்யலாம், ஊர் அவர்களுக்கு என்ன சொல்லிக்கொடுக்கலாம் என்பதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

தருமபுரி டவுனில் ஒரு தெரு. காலை பத்து மணி இருக்கும். என் மாணவி ஒருத்தி கையில் படிவத்தோடு ஒரு வீட்டு வாசலில் நின்று, "அம்மா, குடிதண்ணீர் பற்றிக் கொஞ்சம் கேட்கணும்" என்று ஆரம்பித்தாள். உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "போன வருஷமும் நாலு பிள்ளைங்க வந்து எழுதிக்கிட்டுப் போனாங்க. என்ன எழுதினாங்க, என்ன ஆச்சுன்னு ஒருத்தரும் வந்து சொல்லலியே பாப்பா" என்றார். போன வருஷம் அந்த நாலு பேரை அனுப்பியவன் நான்தான். அவர்கள் எழுதிக்கொண்டு வந்த படிவங்கள் எங்கள் துறையின் பீரோவில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. மார்க் போட்டாயிற்று, புராஜெக்ட் ரிப்போர்ட் பைண்டிங் ஆயிற்று, அதோடு சரி. அந்த அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்று ராத்திரி சரியாகத் தூக்கமும் வரவில்லை.

மாணவர்கள் ஊருக்குள் போக வேண்டும் என்பது நம் நாட்டில் புது யோசனை இல்லை. என்எஸ்எஸ் காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969 செப்டம்பர் 24-ல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. ஒரு மாணவர் இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும், அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம் உண்டு. 2014-ல் உன்னத் பாரத் அபியான் வந்தது, அதில் சேர்ந்த கல்லூரிகள் கிராமங்களைத் தத்தெடுத்துக்கொள்கின்றன. நல்ல திட்டங்கள்தான், நானே எத்தனையோ முகாம் நடத்தியிருக்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், நம் பக்கத்துக் கல்லூரிகளில் முகாம் என்றாலே வேன் வைத்துக்கொண்டு அள்ளி, பட்டி என்று பெயர் முடிகிற ஏதாவது ஒரு கிராமத்துக்குப் போவதுதான் வழக்கம். கல்லூரி காம்பவுண்டுச் சுவருக்குப் பின்னால் இருக்கிற வார்டு யார் கண்ணிலும் படுவதில்லை.

அந்த வார்டைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தருமபுரி நகராட்சியில் சுமார் 68,000 பேர், கிருஷ்ணகிரியில் சுமார் 71,000 பேர். 2021-ல் எடுக்க வேண்டிய கணக்கு தள்ளிப்போனது. இடையில் ஓசூர் 2019-ல் மாநகராட்சியாகவே ஆகிவிட்டது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள், நம் கிராமங்களிலிருந்தே கம்பெனி வேலைக்குப் போன பெண்பிள்ளைகள் என்று ஓசூரில் வாடகை அறைகளில் தங்கியிருப்பவர்கள் எத்தனை பேர், ஒரு அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள், அட்வான்ஸ் எவ்வளவு கேட்கிறார்கள்? இதையெல்லாம் தெருத்தெருவாகப் போய் விசாரித்தால்தான் தெரியும். அதற்கு நம்மிடம் இருக்கிற ஆட்கள் கல்லூரி மாணவர்கள்தான்.

மும்பையில் டாடா சமூக அறிவியல் நிறுவனம் இதைச் செய்துகாட்டியது. 1936-ல் தொடங்கிய நிறுவனம், தன் 75-வது வருஷத்தில் தன்னைச் சுற்றியிருக்கிற 'எம்' (M) என்ற எழுத்துப் பெயர் கொண்ட வார்டைத் திரும்பிப் பார்த்தது. தேவ்னார் குப்பைக் கிடங்கு இருக்கிற பகுதி அது, குடிசைகள் நெருக்கமாக இருக்கிற பகுதி. ஆசிரியர்களும் மாணவர்களும் அங்கே வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தார்கள், அந்த மக்களோடு சேர்ந்து பள்ளிக்கூடம், சுகாதாரம், வேலை என்று பல வேலைகளைக் கையில் எடுத்தார்கள். பல்கலைக்கழகம் எந்த வார்டில் இருக்கிறதோ அந்த வார்டுக்குக் கடன்பட்டிருக்கிறது என்கிற எண்ணம்தான் அதற்கு அடிப்படை. எனக்கு அது மிகவும் பிடித்த எண்ணம்.

மும்பை வரைக்கும்கூடப் போக வேண்டாம். சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளாதாரப் பேராசிரியராக 1915-ல் கில்பர்ட் ஸ்லேட்டர் என்று ஒருவர் வந்தார். அடுத்த வருஷமே தன் மாணவர்களிடம் ஒரு வினாப்பட்டியலைக் கொடுத்து, லீவுக்கு ஊருக்குப் போகிறவர்கள் நிலம் யாரிடம் இருக்கிறது, கடன் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று எழுதி வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். அப்படி எழுதப்பட்ட ஊர்களில் ஒன்று, இன்றைக்கு விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிற இருவேல்பட்டு. இதில் எனக்குப் பெரிதாகப் படுவது என்னவென்றால், 1930-களில் வேறு ஆட்கள் அதே ஊர்களுக்கு மறுபடி போனார்கள், அதற்கு அப்புறமும் பல தடவை ஆராய்ச்சியாளர்கள் போனார்கள். ஒரு தடவை போய் எழுதியதோடு விட்டிருந்தால் அது ஒரு ரிப்போர்ட், அவ்வளவுதான். திரும்பத் திரும்பப் போனதால்தான் ஒரு ஊர் நூறு வருஷத்தில் எப்படி மாறியது என்று நமக்குத் தெரிகிறது.

சரி, நம் தெருவுக்கு வருவோம். அந்த அம்மா கேட்டதற்குப் பிறகு நாங்கள் படிவத்தை ஓரமாக வைத்துவிட்டோம். அந்தத் தெருவில் சம்மதித்த வீடுகளுக்கெல்லாம் ஒரு மாதக் காலண்டர் கொடுத்தோம். தண்ணீர் விடுகிற அன்றைக்குத் தேதியில் ஒரு வட்டம் போடுங்கள், எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை குடம் பிடித்தீர்கள் என்று எழுதுங்கள், முடியாவிட்டால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை எழுதச் சொல்லுங்கள் என்றோம். வாரம் ஒரு நாள் மாணவர்கள் போய்ப் பார்ப்பார்கள். அதுவும் மதியம் மூன்று மணிக்குள் முடிய வேண்டும். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள், ஒரு பஸ்ஸை விட்டால் வீடு போய்ச் சேர இருட்டிவிடும். பையன்களில் சிலர் ராத்திரி வேலைக்கும் போகிறவர்கள். களப்பணி என்று எழுதிக் கொடுக்கிற பேராசிரியர்கள் இதை யோசிக்க வேண்டும், பஸ் நேரம் தெரியாமல் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடத்திட்டம் போட முடியாது.

தண்ணீரைப் பற்றி நான் ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்று இந்த மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் நிலத்தடி நீரில், பல்லையும் எலும்பையும் கெடுக்கிற ஃபுளோரைடு அதிகம். குடிதண்ணீரில் ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லையென்றால் ஒன்றரை வரைக்கும் போகலாம் என்பது இந்தியத் தரக்கணக்கு. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு வந்தது, 2008-ல் அடிக்கல் நாட்டி 2013-ல் திறந்தார்கள்.

அந்த மாணவி பென்னாகரம் பக்கம். சின்ன வயதில் குடித்த தண்ணீரால் பல்லில் பழுப்புக் கறை. வகுப்பில் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வாள், நான் பார்த்திருக்கிறேன். இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ அதே அம்மா வீட்டில், "ஒகேனக்கல் தண்ணி குடிக்க மட்டும்தான், சமைக்கிறது எல்லாம் போர் தண்ணிதான், கொதிக்க வெச்சா சரியாப் போயிரும்" என்று அவர் சொல்ல, இவள், "இல்லம்மா, கொதிக்க வெச்சா இது போகாது. தண்ணி வத்த வத்த இன்னும் கொஞ்சம் கூடத்தான் செய்யும்" என்றாள். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளாமல் தன் பல்லைக் காட்டினாள். "எட்டு வயசுக்குள்ள குடிச்ச தண்ணிம்மா. உங்க பேரனுக்கு இப்ப என்ன வயசு?" அந்த அம்மா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் எழுந்து போய்ச் சமையல் அண்டாவைக் காலி செய்தார். முப்பது வருஷம் நான் வகுப்பில் பேசியதில் இப்படி ஒரு பாடம் நடந்ததில்லை.

மாதம் முடிந்ததும் காலண்டர்களையெல்லாம் சேர்த்து ஒரு பெரிய சார்ட்டில் தெருவை வரைந்தோம். எந்த வீட்டுக்கு எத்தனை நாளைக்கு ஒரு முறை, எத்தனை மணிக்கு, எத்தனை குடம். அதை ரேஷன் கடைச் சுவரில் ஒட்டி, அரிசி வாங்க வந்தவர்களிடம் காட்டினோம். நாங்கள் எதிர்பார்க்காதது அங்கேதான் நடந்தது. "இந்தச் சந்துல மூணு வீடு விட்டுப்போச்சு", "இங்க குழாய் இருக்கு, ஆனா ரெண்டு வருஷமாக் காத்துதான் வருது" என்று ஆளாளுக்குப் பேனாவை வாங்கித் திருத்த ஆரம்பித்தார்கள். கடைசி வீடுகளுக்குத் தண்ணீர் வருகிற நேரம், அந்தப் பெண்கள் கூலி வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு என்பது சார்ட்டைப் பார்த்த எல்லோருக்குமே தெரிந்தது. தெருக்காரர்களே அதைச் சுருட்டிக்கொண்டு கவுன்சிலரிடம் போனார்கள். சில வாரம் நேரம் மாறியது, அப்புறம் பழையபடி ஆயிற்று, மறுபடியும் சார்ட்டோடு போனார்கள். அது ஒரே நாளில் தீருகிற காரியம் இல்லை.

இப்போது இதற்கெல்லாம் முன்பைவிட வழி இருக்கிறது. கிராம சபை மாதிரி நகரங்களுக்கும் வார்டு குழு, பகுதி சபை என்று 2022-ல் தமிழ்நாட்டில் விதிகள் வந்தன, மாணவர்கள் எடுத்த கணக்கை அங்கே வைத்துப் பேசலாம். பட்டம் முடித்தவர்கள் நகராட்சி, மாநகராட்சிகளில் பயிற்சி பெறுவதற்கு டியூலிப் என்ற திட்டத்தை மத்திய அரசு 2020-ல் அறிவித்தது, நம் பக்கம் இதைப் பற்றித் தெரிந்த பிள்ளைகளை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆராய்ச்சிக்குத் தலைப்பு இல்லை என்று சொல்லும் எம்ஏ மாணவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குத் தூரத்திலிருந்து கூடு கொண்டுவரும் விவசாயி எங்கே சாப்பிடுகிறார், எங்கே படுக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். கிருஷ்ணகிரியில் மாம்பழ சீசனில் கூழ் ஆலைக்கு வேலைக்கு வரும் பெண்கள் மற்ற மாதங்களில் என்ன வேலை செய்கிறார்கள் என்று விசாரியுங்கள். ராயக்கோட்டைத் தக்காளி மார்க்கெட்டில் விலை விழுகிற அன்றைக்கு ஒரு முழு நாள் நின்று பாருங்கள்.

நேயர்களே, உங்கள் வீட்டுக் கதவைப் பிள்ளைகள் யாராவது படிவத்தோடு தட்டினால் உட்கார வைத்துப் பதில் சொல்லுங்கள். கிளம்பும்போது, "மறுபடி எப்ப வருவீங்க?" என்று கேட்டு, தேதியை அவர்கள் படிவத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நாங்கள் ஒரு மாதக் காலண்டர்தான் கொடுத்தோம் என்றேன் இல்லையா, ஆறு மாதம் கழித்து அந்தத் தெருவுக்குப் போனபோது அந்த அம்மா உள்ளேயிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து வந்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். பேரன் கோடு போட்டுக் கட்டம் கட்டியிருந்தான். எங்கள் மாதம் முடிந்த மறுநாளிலிருந்து தேதி, நேரம், குடம் எல்லாம் விடாமல் எழுதியிருந்தது. நடுவில் ஒரு பக்கத்தில் மட்டும் பென்சிலில், "இன்று தண்ணீர் வந்தது, பாட்டி ஊரில் இல்லை" என்று இருந்தது.