ருவாண்டாவுக்கு வயசான அப்பா அம்மா போகலாமா? ஈரோட்டு அம்மாவோட சந்தேகத்துக்கு விளக்கம்

அடுத்த கேள்வி ஈரோட்டுலேருந்து ஒரு அம்மா அனுப்பியிருக்காங்க. நீளமா எழுதியிருக்காங்க, சுருக்கிச் சொல்லிடறேன். அவங்க பையன் ஆப்பிரிக்காவுல இருக்கிற ருவாண்டாவோட தலைநகர் கிகாலியில கணக்கு வேலைக்குப் போயிருக்கார். ஏப்ரல் மாசம் வந்து ரெண்டு வாரம் தங்கிட்டுப் போங்கன்னு கூப்பிடறார். அப்பாவுக்கு 63 வயசு, அம்மாவுக்கு மூட்டு வலி. "லட்சக்கணக்குல ஆளுகளைக் கொன்னு போட்ட நாடாச்சே, இப்ப போகலாமா? நினைவிடத்துக்கெல்லாம் கூட்டிட்டுப் போறேங்கிறான், சாவு விழுந்த இடத்துக்கு நாங்க எதுக்குப் போகணும்? நாங்க சைவம், சாப்பாட்டுக்கு என்ன பண்றது?" இதுதான் கேள்வி.

முதல்ல பயத்தைப் பத்திப் பேசிடுவோம். தாராளமா போகலாம்மா. 1990 அக்டோபர்ல தொடங்கின உள்நாட்டுப் போரும், அதுக்குள்ள நடந்த படுகொலையும் 1994 ஜூலையில முடிஞ்சுது. அதுக்கப்புறம் முப்பது வருஷம் ஓடிப் போச்சு. இன்னிக்குக் கிகாலியில ராத்திரி ஒன்பது மணிக்குப் பொம்பளைங்க தனியா நடந்து போறதைச் சாதாரணமா பார்க்கலாம். ரோடு சுத்தம். மோட்டார் பைக் டாக்சிக்காரர் பின்னாடி உட்கார்றவங்களுக்குன்னே இன்னொரு ஹெல்மெட் வச்சிருப்பார், அதை மாட்டாம வண்டியை எடுக்க மாட்டார். உங்க மூட்டு வலிக்கு அந்த பைக் வேண்டாம், அது வேற விஷயம். ஊரே மேடும் பள்ளமும். உயரம் கிட்டத்தட்ட நம்ம ஏற்காடு உயரம்தான், அதனால வெயில் உங்களைப் படுத்தாது. ஒரு ஸ்வெட்டர் எடுத்து வச்சுக்கோங்க.

ஆனா நாடு பூரா ஒரே மாதிரின்னு சொல்லிட முடியாது. மேற்கு ஓரத்துல கிவு ஏரி இருக்கு, அதைத் தாண்டினா காங்கோ. 2025 ஜனவரியில எம்-23ங்கிற காங்கோ கிளர்ச்சிப் படை அங்க கோமா நகரத்தைப் பிடிச்சப்ப, எல்லையை ஒட்டி ருவாண்டா பக்கம் இருக்கிற ரூபாவுங்கிற ஊர்லயும் குண்டு விழுந்து ஆட்கள் செத்தாங்க. அந்தப் படைக்குப் பின்னாடி ருவாண்டா ராணுவம் இருக்குன்னு ஐ.நா. நிபுணர்கள் அறிக்கை கொடுத்திருக்காங்க, ருவாண்டா அரசு இல்லைங்குது. அந்த வாதத்துக்குள்ள நீங்க போக வேண்டாம். ஏரி பார்க்கணும்னா, கிளம்புற வாரத்துல எல்லை நிலவரம் எப்படின்னு பையனை விசாரிக்கச் சொல்லிட்டுப் போங்க. கோமா பக்கத்து எல்லையை வேடிக்கை பார்க்கப் போறேன்னு மட்டும் கிளம்பாதீங்க.

இப்ப தேதி. ஏப்ரல்னு சொல்லியிருக்கீங்க. முடிஞ்சா மாத்துங்க. ஒண்ணு, அது நல்ல மழைக்காலம், மே வரைக்கும் கொட்டும். ரெண்டாவது, ஏப்ரல் 7-ஆம் தேதிதான் அந்த நாட்டுக்குத் துக்க நாள். 1994 ஏப்ரல் 6 ராத்திரி அதிபர் ஹப்யாரிமானா வந்த விமானத்தைக் கிகாலிக்கு மேல சுட்டு வீழ்த்தினாங்க. மறுநாளே கொலை ஆரம்பிச்சுது. ஏறக்குறைய 100 நாள். ஐ.நா. கணக்குல 8 லட்சம் பேர், ருவாண்டா அரசு கணக்குல 10 லட்சத்துக்கும் மேல. அங்க ஹுட்டு, துட்சின்னு ரெண்டு பெரிய இனம். கொன்னது ஹுட்டு தீவிரவாதிகள். செத்தவங்கள்ல பெரும்பாலும் துட்சி மக்கள், அவங்களைக் காப்பாத்தப் பார்த்த ஹுட்டுக்களும் உண்டு. அதனால ஏப்ரல் 7-லேருந்து ஒரு வாரம் பாட்டு, கச்சேரி, விருந்து எதுவும் இருக்காது. பையன்கூடச் சிரிச்சுப் பேசி ஊர் சுத்தணும்னு போறவங்க அந்த வாரத்துல போய் இறங்கினா ஒரு மாதிரி இருக்கும். ஜூன்லேருந்து ஆகஸ்ட் வரைக்கும் போங்க, மழையும் இருக்காது.

சரி, நினைவிடம். அம்மா, நான் போகச் சொல்றேன். ஆனா எல்லா இடத்துக்கும் வேண்டாம்.

கிகாலிக்குள்ளயே கிசோசின்னு ஒரு மேட்டுல பெரிய நினைவிடம் இருக்கு. 2004-ல திறந்தாங்க. அங்க 2.5 லட்சம் பேருக்கு மேல அடக்கம் பண்ணியிருக்காங்க. ஆனா மயானத்துக்குள்ள போற மாதிரி இருக்காது. வெளியில தோட்டம், உள்ள படங்களும் விளக்கமும். உள்ள குழந்தைகளுக்குன்னு ஒரு பகுதி இருக்கு. பெரிய பெரிய போட்டோ, ஒவ்வொண்ணுக்குக் கீழயும் சின்னப் பலகை. பேர், வயசு, அந்தப் பிள்ளைக்குப் பிடிச்ச சாப்பாடு, பிடிச்ச விளையாட்டு, எப்படிச் செத்துச்சு, அவ்வளவுதான் எழுதியிருக்கும். ஒரு பையன், பத்து வயசு. பிடிச்சது கால்பந்து. மத்தவங்களைச் சிரிக்க வைக்கிறதுன்னா அவனுக்கு ரொம்ப இஷ்டம். டாக்டர் ஆகணும்னு ஆசை. ஐ.நா. படை நம்மைத் தேடி வரும்னு கடைசியா சொன்னதா அந்தப் பலகையில போட்டிருக்கு. அந்தப் படை அந்த ஊர்லயேதான் இருந்துச்சு. ஏப்ரல் கடைசியில அதோட ஆள் எண்ணிக்கையைக் குறைச்சுட்டாங்க.

கிகாலிக்குத் தெற்கே கார்ல ஒரு மணி நேரத்துக்குள்ள நியமாட்டா வரும். அது ஒரு சர்ச். கோயிலுக்குள்ள கை வைக்க மாட்டாங்கன்னு நம்பி உள்ள போன ஆயிரக்கணக்கான பேரை உள்ளயே வச்சுக் கொன்னாங்க. அவங்க போட்டிருந்த துணிமணி அங்க பெஞ்சு மேல குவிஞ்சு கிடக்கு. தகரக் கூரையில ஓட்டை ஓட்டையா வெளிச்சம் வரும். மனசு தாங்கும்னா போங்க. முராம்பின்னு தெற்கே இன்னொரு இடம், அங்க சுண்ணாம்பு பூசி உடல்களையே வச்சிருக்காங்க. அது உங்களுக்கு வேண்டாம், பையன் கூப்பிட்டாலும் வேண்டாம்னு சொல்லிடுங்க. இந்த மூணையும், பிசெசெரோங்கிற இடத்தையும் சேர்த்து 2023-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்திருக்கு. சாவு வீட்டுக்குப் போன மாதிரி இருக்கேன்னு தோணினா, திரும்பி வந்து தலைக்குக் குளிச்சுக்கோங்க. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.

இன்னொண்ணு, நீங்க கேட்காதது. இதை அப்பாகிட்ட முக்கியமா சொல்லிடுங்க. நம்ம பக்கம் பழகின ரெண்டாவது நிமிஷமே "நீங்க எந்த ஊரு, என்ன ஆளுக"ன்னு கேட்டுடுவோம். அங்க டிரைவர்கிட்டயோ வேலைக்கு வர்றவங்ககிட்டயோ "நீங்க ஹுட்டுவா, துட்சியா"ன்னு கேட்கவே கூடாது. பெல்ஜியம்காரன் ஆண்ட காலத்துல, 1930-கள்ல, அடையாள அட்டையில இனத்தைப் போட ஆரம்பிச்சான். 1994-ல ரோட்டுல தடுப்பு போட்டு நின்னவங்க அந்த அட்டையைப் பார்த்துத்தான் வெட்டினாங்க. இப்ப அட்டையில அது கிடையாது. பிரிவினை பேசினா சட்டமே பாயும். "1994-ல நீங்க எங்க இருந்தீங்க"ன்னும் கேட்காதீங்க. நாற்பது வயசு தாண்டின யாருக்கும் அது சாதாரணக் கேள்வி இல்லை. கொன்னவனும் தப்பிச்சவனும் ஒரே ஊர்ல, சில இடத்துல பக்கத்துப் பக்கத்து வீட்டுல இருக்காங்க. கச்சாச்சான்னு ஊர்ப் பொதுவுல உட்கார்ந்து விசாரிச்ச மன்றங்கள் 2012 வரைக்கும் நடந்துச்சு. மன்னிப்புக் கேட்டாங்க, தண்டனை அனுபவிச்சாங்க, திரும்பி அதே ஊருக்கு வந்தாங்க. அவங்களா சொன்னா கேட்டுக்கோங்க.

"ரெண்டு பக்கமும் அடிச்சுக்கிட்டாங்க"ன்னும் சொல்லிடாதீங்க, அங்க அது பெரிய தப்பு. துட்சிகள் முன்னின்னு நடத்தின, இப்ப ஆட்சியில இருக்கிற ருவாண்டா தேசபக்த முன்னணிங்கிற கட்சியோட படையும் அந்தக் காலத்துல பொதுமக்களைக் கொன்னுச்சுன்னு மனித உரிமை அமைப்புகள் எழுதியிருக்கு. ஆனா அதை அங்க பொதுவுல பேச முடியாது. அந்த முன்னணியோட தலைவர் ககாமே 2000-லேருந்து அதிபர், 2024 தேர்தல்ல 99 சதவீதம் வாங்கினார். இதுக்கு மேல நான் என்ன சொல்ல. ஊர் அமைதியா இருக்கு, வாயும் அமைதியா இருக்கு. ரெண்டுமே உண்மை.

சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம். பீன்ஸ் கொட்டை, வாழைக்காய், சக்கரவள்ளி, சோறு, தண்டுக்கீரை மாதிரி ஒரு கீரை எல்லாம் தெருமுனைச் சாப்பாட்டுக் கடையிலேயே கிடைக்கும். இசோம்பேன்னு மரவள்ளி இலையை இடிச்சுச் சமைப்பாங்க, அதுல கறி சேர்த்திருக்கான்னு கேட்டுட்டுச் சாப்பிடுங்க. காரம் பத்தலைன்னா, மேசையில சொட்டு மருந்து பாட்டில் மாதிரி ஒண்ணு இருக்கும், அக்காபங்கா, மிளகாய் எண்ணெய். ரெண்டு சொட்டு போதும். அப்பா வீரம் காட்ட வேண்டாம். இந்திய மளிகைக் கடையும் இருக்கு, ஆனா விலை ஜாஸ்தி. கடலே இல்லாத நாடு இல்லையா, மொம்பாசாவுலயும் தார் எஸ் சலாம்லயும் இறங்கின சரக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல லாரியில வரணும்.

அதனால பருப்புப் பொடி, புளி எல்லாம் கட்டி எடுத்துட்டுப் போவீங்க, தெரியும். கேரி பேக்ல மட்டும் கட்டாதீங்க. 2008-லேருந்து தடை, ஏர்போர்ட்லயே பிடுங்கிடுவாங்க. டப்பாவுலயும் துணிப்பையிலயும் போடுங்க. மாசக் கடைசி சனிக்கிழமை காலையில எங்கயும் கிளம்பாதீங்க, ஊரே சேர்ந்து ரோடு கூட்டும், கால்வாய் வெட்டும், 11 மணி வரைக்கும் கடையும் வண்டியும் இருக்காது. கொரில்லா பார்க்க ஆளுக்கு 1,500 டாலர், அதோட மலைச்சரிவுல சேறு மிதிச்சு ஏறணும். உங்க முழங்காலுக்கு அது சரிப்படாது, பையன் காசும் மிச்சம்.

விசா அங்க இறங்கின இடத்துலயே கொடுப்பாங்க. மஞ்சள் காய்ச்சல் ஊசிதான் முக்கியம். திரும்பி வரும்போது நம்ம ஏர்போர்ட்ல அந்தக் கார்டைக் கேட்பாங்க. அரசு அங்கீகாரம் உள்ள மையத்துலதான் போடுவாங்க, சென்னைன்னா கிண்டி கிங் இன்ஸ்டிடியூட். போட்டு 10 நாள் கழிச்சுத்தான் கார்டு செல்லும். 60 வயசு தாண்டினவங்களுக்கு அந்த ஊசியில கொஞ்சம் யோசிக்கணும், அதனால டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே அப்பாவை வழக்கமா பார்க்கிற டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய்க் கேட்டுடுங்கம்மா. அவர் சரின்னு சொன்னப்புறம் பையன்கிட்ட ஜூன் மாச டிக்கெட் பார்க்கச் சொல்லுங்க. அடுத்த கேள்விக்குப் போவோம்.