அச்சு முறுக்கு ஏன் அச்சை விட்டுக் கழல மறுக்கிறது?

(காட்சி: வாணலியின் எண்ணெயில் இறங்கும் பூ வடிவ இரும்பு அச்சு)

டிசம்பர் மூன்றாம் வாரத்தில் கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளின் அடுப்படியில் ஆண்டுதோறும் ஒரு புலம்பல் கேட்கும்: "மாவு அச்சை விட்டு வர மாட்டேங்குதே!" அண்டை வீடுகளுக்குக் கொடுக்க நூறு பூக்களாவது வேண்டியிருக்கும் நாளில், முதல் பூவே இரும்போடு ஒட்டிக்கொண்டால் வீடே சோர்ந்துவிடும். அதற்கான காரணத்தை இன்று பார்த்துவிடுவோம்.



(காட்சி: மாவுக் கிண்ணம்)

இரண்டு கப் பச்சரிசி மாவு, அரை கப் மைதா, அரை கப் பொடித்த சர்க்கரை, ஒரு முட்டை, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு தேக்கரண்டி கறுப்பு எள். இவற்றில் தேங்காய்ப்பாலைச் சிறிது சிறிதாக ஊற்றி, தோசை மாவைவிடச் சற்று நீர்க்கக் கரைத்துக்கொள்ளுங்கள்.

இனி அச்சுக்கு வருவோம். புதிய அச்சைக் கஞ்சித் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்துக் கழுவித் துடைத்து, பிறகு எண்ணெயில் போட்டு வைத்துப் பழக்குவது நம் பெரியவர்களின் வழக்கம். பொரிக்கும்போது அச்சும் எண்ணெய் அளவுக்குச் சூடாக இருக்க வேண்டும். சூடான இரும்பு மாவைத் தொட்ட நொடியில், அரிசியின் மாவுச்சத்தும் முட்டையின் புரதமும் இறுகி ஒரு மெல்லிய படலமாக அதன்மேல் படிகின்றன. அந்தப் படலத்தோடு அச்சை எண்ணெயில் இறக்கும்போது, மாவிலுள்ள நீர் ஆவியாகிச் சீறி வெளியேற, படலம் மொறுமொறுப்பாகி இரும்பிலிருந்து தானே விலகிக்கொள்கிறது. அச்சு சூடாகாவிட்டால் மாவு பிடிக்காமல் வழிந்துவிடும். அளவுக்கு மீறிக் காய்ந்திருந்தால் கிண்ணத்திலேயே வெந்து உதிர்ந்துவிடும். சர்க்கரை கூடினால் சீக்கிரம் கருகி ஒட்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, அச்சை மாவில் முழுவதும் முக்குவது. முக்கால் பங்குதான் நனைய வேண்டும். மேல் விளிம்பையும் மாவு மூடிவிட்டால், பூ கழன்று இறங்க வழியே இராது.

(காட்சி: உலக வரைபடம்)

என்னை மிகவும் வியக்க வைப்பது இந்த அச்சின் சுற்றம்தான். கேரளத்தில் இதுவே அச்சப்பம். இலங்கையில் ஏப்ரல் புத்தாண்டுக்கு அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் சேர்த்துப் பொரிக்கும் கொக்கிஸ் இதன் உடன்பிறப்பு. பெயர் டச்சுக்காரர்களின் மொழியிலிருந்து வந்தது. நார்வேயிலும் சுவீடனிலும் கிறிஸ்துமஸுக்குக் கோதுமை மாவும் பாலும் முட்டையும் கலந்து இதே போன்ற இரும்புப் பூவில் பொரிக்கிறார்கள். ஈரானில் இதற்கு நான் பஞ்சரே, அதாவது சன்னல் ரொட்டி என்று பெயர். அதன் துளைகளைப் பார்த்தால் இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. எங்கள் பாட்டியின் அச்சுக்கு இவ்வளவு சொந்தங்கள் இருப்பது தெரிந்த நாளிலிருந்து, அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது. உங்கள் ஊரில் இதை எப்படி அழைக்கிறார்கள் என்று கீழே எழுதுங்கள்.

சிறுவர்களை எண்ணெய்ப் பக்கம் விடாமல் கல்கல் என்னும் கிறிஸ்துமஸ் இனிப்பை உருட்ட உட்காரவையுங்கள். புதுச் சீப்பின் மேல் மாவுருண்டையை அழுத்திச் சுருட்டினால் வரிவரியாக விழும்; அதில் அவர்களுக்கு அலுப்பே வராது.

(காட்சி: வரிசையாக வைத்த டப்பாக்கள்)

பங்கிடுவதில் ஒன்றைத் தயவுசெய்து மறக்காதீர்கள். டிசம்பர் பாதியில் மார்கழி பிறந்துவிடுகிறது. பக்கத்து வீட்டில் ஒருவர் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கலாம். ஆகவே முட்டை சேர்க்காத மாவை, கெட்டித் தேங்காய்ப்பாலில் மைதாவைச் சற்றுக் கூட்டிக் கரைத்து, புது எண்ணெயில் முதலில் பொரித்துத் தனி டப்பாவில் வையுங்கள். கொடுக்கும்போதே "இதில் முட்டை இல்லை அக்கா" என்று சொல்லிவிடுங்கள். கேட்பதற்கு அவர்கள் கூச்சப்படுவார்கள். சூடு ஆறுமுன் மூடினால் பூக்கள் நமுத்துப்போகும். உடைந்தவை கல்கல் உருட்டிய பிள்ளைகளுக்கு; முழுப் பூக்கள் மட்டும் தட்டில் ஏறட்டும். எங்கள் தெருவில் அந்தத் தட்டு வெறுமனே திரும்புவதில்லை. தைப்பொங்கல் அன்று காலையில் சர்க்கரைப் பொங்கலோடு வாசலுக்கு வந்துவிடும்.