டெம்போ வளைந்தது, மாமா நேரே போனார்

கூட்டத் தலைவர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, தலைமையாசிரியர் ஐயா அவர்களே, கோயில் விழாக் குழுப் பெரியோர்களே, மைக் செட்டைக் காசு வாங்காமல் கட்டிக் கொடுத்த தம்பிகளே, தாய்மார்களே, குழந்தைகளே, எல்லோருக்கும் வணக்கம். பெயர் விடுபட்டவர்கள் பொறுத்தருள வேண்டும்.

நியூட்டனின் மூன்று விதிகளைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்போம். அம்மி தானாக நகராது. விழுகிற அடி தரையின் உராய்வை மிஞ்சினால்தான் அசையும். இது நமக்குத் தெரியும். ஆனால் ஓடுகிற பொருளும் தானாக நிற்காது என்பதை மறந்துவிடுகிறோம். தள்ளிக்கொண்டே இருந்தால்தான் பொருள் ஓடும் என்று அரிஸ்டாட்டில் நினைத்தார். கலிலியோ சரிவுகளில் பந்துகளை உருட்டிப் பார்த்து, உராய்வு இல்லாவிட்டால் ஓடுவது ஓடிக்கொண்டே இருக்கும் என்றார். 1687-இல் நியூட்டன் அதை முதல் விதியாக வைத்தார். இந்தக் குணத்துக்குத்தான் நிலைமம் என்று பெயர்.

எங்கள் தாய்மாமா ஒருவர் நாட்டுச்சர்க்கரை மூட்டைகளோடு கவுந்தப்பாடி சந்தைக்கு டெம்போவில் போனார். முன்னால் இடம் இருந்தும், காற்று வேண்டுமென்று மூட்டைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். தோளில் துண்டு, மடியில் வெற்றிலைப் பை. கீழ்பவானி வாய்க்கால் பாலத்துக்கு முன்னால் ரோடு சட்டென்று வளையும். அங்கே ஓர் எருமை குறுக்கே நின்றது. டிரைவர் பிரேக்கை மிதித்து ஸ்டியரிங்கையும் ஒடித்தார். வண்டி வளைந்தது, மாமா வளையவில்லை. வந்த வேகத்தில் வந்த திசையிலேயே நேரே போய் வாய்க்காலில் விழுந்தார். டிரைவர் இறங்கி, மூட்டைச் சந்து, வண்டிக்கு அடி என்று தேடி, “ஏனுங் மாமா, எங்கீங்க இருக்கறீங்க?” என்று கூப்பிட, தண்ணீருக்குள்ளிருந்து, “இங்கதான்டா மாப்பிள்ள, பையப் புடி!” என்று குரல் வந்தது.

சிரிக்கிறீர்கள், நானும் சிரித்தேன். வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்த சமயம் அது. காய்ந்து கிடந்திருந்தால் அன்றைக்கு வீட்டுக்கு வந்திருக்க மாட்டார்.

இரண்டாம் விதியில் ஒரே ஒரு கணக்கு. பொருளின் நிறையை, வினாடிக்கு எவ்வளவு வேகம் மாறுகிறதோ அதனால் பெருக்கினால், அதற்கு வேண்டிய விசை வரும். 60 கிலோ ஆள், மணிக்கு 54 கிலோமீட்டர் வேகம். வினாடிக்கு 15 மீட்டர். பத்தில் ஒரு வினாடியில் நிற்க வேண்டுமானால் 9,000 நியூட்டன் விசை வேண்டும். ஏறக்குறைய 900 கிலோவைத் தூக்கிப் பிடிக்கிற பலம். மூட்டைக் கயிற்றைப் பிடித்த கைக்கு அந்தப் பலம் உண்டா? மூன்றாம் விதியை ஆசிரியர் ஐயா வகுப்பில் நன்றாகவே நடத்துவார்.

பங்குனியில் பண்ணாரி அம்மன் கோயில் குண்டம் மிதிக்கிற விழாவுக்கு லோடு வண்டியில் கைக்குழந்தையோடு நின்றுகொண்டு போகிறோம். சரக்கு வண்டியில் ஆளேற்றாதீர்கள் என்று ஊர் ஊராகச் சொல்லி வருகிறேன். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும், நம் ஊர் நகராதா? விழாக் குழுப் பெரியோர்கள் இந்த வருஷம் பஸ் வைக்கிறோம் என்று இந்த மேடையிலேயே சரி சொல்லட்டும். முதல் பஸ் வாடகையில் என் பங்கை இப்போதே தருகிறேன். நன்றி, வணக்கம்.